மூன்று வீடுகளும் ஓர் அறையும்

காத்தான்குடியில் காலை பஸ்ஸில் ஏறி என் பக்கத்தில் அமர்ந்த அந்த அபாயாக்காரப் பெண் விமான நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. கண்களின் கீழே வீக்கம். பூச்சுப் பூசாத வீடு ஒன்றைக் கடக்கும்போதெல்லாம் தலையைத் திருப்பி, அது மறையும் வரை பார்த்தார்.

"வீடு கட்டுறீங்களா ராத்தா?" என்று கேட்டேன்.

"கட்டி முடிச்சிட்டன் தங்கச்சி. மூணு மகளுக்கும் மூணு வீடு. நம்மட பக்கம் வீடு குடுக்காம பொம்புளப் புள்ளைக்குக் கலியாணம் நடக்குமா? எல்லாம் குவைத்தில சமைச்சுக் கழுவிக் கட்டினது."

"அப்ப இனி ஊரோட இருக்கலாமே, ஏன் திரும்பப் போறீங்க?"

"எங்க இரிக்கிற? மூணு வீட்டிலயும் மூணு குடும்பம். விருந்தாளி மாதிரி எத்தின நாளைக்கு? குவைத்திலதான் எனக்கெண்டு ஒரு அறை இரிக்கி" என்று சிரித்தார்.

பிறகு அப்படியே தூங்கிப்போனார். ஓட்டமாவடி தாண்டும் வரை, வழியில் வந்த பூச்சில்லாத வீடுகளை நான்தான் பார்த்துக்கொண்டு போனேன்.