அலுமாரிக்குள் போன மூக்கு மருந்து

என் மூக்கைப் பற்றி எங்கள் வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. உருத்திரபுரத்தில் நெல் வெட்டும் மெசின் வயலுக்குள் இறங்கினால் போதும், எனக்குத் தும்மல் தொடங்கிவிடும். கண் சிவந்து கடிக்கும், மூக்கு இரண்டு பக்கமும் அடைத்துக்கொள்ளும். கமக்காரன் வீட்டில் பிறந்துவிட்டு வைக்கோல் தூசுக்குத் தும்முவதா என்று அப்பா சிரிப்பார். அம்மா சிரிக்க மாட்டார். என்னைப் பஸ்ஸில் ஏற்றிக் கிளிநொச்சிக்குக் கூட்டிப்போய் டொக்டரிடம் காட்டியது அவர்தான்.

டொக்டர் மூன்று மருந்து தந்தார். தினமும் மூக்குக்குள் அடிக்க ஒரு ஸ்பிரே, இரவில் போட ஒரு குளிசை, கண்ணுக்குத் துளி மருந்து. குளிசை தும்மலை நிறுத்தும், அடைப்பை எடுப்பது ஸ்பிரே, ஒன்றைப் போட்டு மற்றதை விடக்கூடாது என்று எனக்கே விளங்கும்படி சொன்னார்.

ஆனால் எங்கள் வீட்டில் எதுவும் மாமி சொல்லித்தான் நடக்கும். மாமி என்றால் அப்பாவின் அக்கா. அவர் ஸ்பிரேயை அம்மாவின் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்.

"இதென்னடி, இழுப்புக்காரர் வச்சிருக்கிற பம்ப் மாதிரிக் கிடக்கு? இதை அடிக்கிற பெட்டையை நாளைக்கு ஆர் கட்டுவான்?"

நான் அப்போது ஏழாம் வகுப்பு. என்னைக் கட்டப் போகிறவனும் எங்கேயோ காற்சட்டையோடு திரிந்திருப்பான். ஆனாலும் தீர்ப்பு முடிந்துவிட்டது. குளிசை, ஒருவருக்கும் தெரியாமல் விழுங்கக்கூடியது என்பதால் தப்பியது. துளி மருந்தும் தப்பியது, கண்ணில் தூசு விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். ஸ்பிரே அம்மாவின் அலுமாரிக்குள் சீலைகளுக்குப் பின்னால் போனது. இங்கிலீஸ் மருந்துகள் ஒன்றாய்ச் சேர்ந்தால் உடம்பில் சூடு ஏறும் என்று மாமி விளக்கமும் தந்தார். அம்மா தலையை ஆட்டினார். எனக்கு இருவர் மீதும் கோபம். அம்மா மீதுதான் கூடுதலாய்க் கோபம்.

அந்த வருடம் வயல் வெட்டு முடியும் முன்பே நான் பெரியபிள்ளையானேன். முற்றத்தில் பந்தல் போட்டுச் சாமத்திய வீட்டுச் சடங்கு வைத்தார்கள். பந்தலுக்குப் பின்னால் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. அது போதாதென்று சாம்பிராணி வேறு. சபை நடுவில் நான் தும்மிவிடக்கூடாது என்று மாமி காலையிலேயே என் குளிசையைத் தந்தார். அதற்கு மேல், சளி, தடிமனுக்கென்று பரந்தனில் வாங்கி வைத்திருந்த குளிசை ஒன்றையும் விழுங்க வைத்தார். இரண்டும் ஒரே வேலையைச் செய்கிறவை, நித்திரையாக்குகிறவை என்பது பின்னால்தான் தெரிந்தது. டொக்டர் சேர்த்தால் சூடு, மாமி சேர்த்தால் ஒன்றுமில்லை.

சீலையும் நகையும் மாலையுமாய்க் கதிரையில் இருந்தபடியே தூங்கி விழுந்தேன். "தங்கச்சி, கண்ணைத் திறவுங்கோ, கொஞ்சம் சிரியுங்கோ" என்று வீடியோக்காரர் கெஞ்சினார். தும்மல் நின்றிருந்ததே தவிர, மூக்கு முழுதாய் அடைத்துவிட்டது. வாயைத் திறந்தேன். மூடு என்று மாமி கண்ணைக் காட்டினார். மூடினேன், மூச்சு வரவில்லை.

அதோடு எனக்கு விசர் ஏறிவிட்டது. மாலையைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு எழும்பினேன்.

"எங்கையடி போறாய்?" என்றார் மாமி.

"மருந்து அடிக்கப் போறன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

அலுமாரியைத் திறந்து, சீலைகளை இழுத்துக் கீழே தள்ளி, ஸ்பிரேயை எடுத்தேன். அறைக்குள்ளேயே அடித்திருக்கலாம். ஏன் ஒளித்து அடிக்கவேண்டும்? பந்தலுக்குத் திரும்பி வந்து, கதிரையில் இருந்து, கமராவைப் பார்த்துக்கொண்டே இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று அடித்தேன். நாள்தோறும் அடித்தால்தான் அது வேலை செய்யும், அன்று மூக்கு திறக்கவேயில்லை. அதனாலென்ன, மனம் திறந்துவிட்டது. இன்றைக்கும் அதற்காக நான் வருத்தப்படவில்லை.

மாமி என் கையைப் பிடிக்க வந்தார். அம்மா குறுக்கே வந்து நின்றார்.

"எம்புள்ள மருந்து அடிக்கட்டும், விடுங்க. கட்டுறவன் கட்டட்டும், கட்டாதவன் போகட்டும்."

பந்தலில் ஒரு சத்தமில்லை. மாமியின் முகம் கறுத்துப்போனது. எல்லோரும் என் ஸ்பிரேயைக் கண்டுதான் வாயடைத்துப்போனார்கள் என்று நினைத்தேன். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அம்மாவின் தாய் தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வயல் எடுத்த அப்பாவின் குடும்பத்துக்கு மருமகளாய் வந்த நாளிலிருந்து, அம்மா மாமியைப் போலவே "வாங்கோ, இருங்கோ" என்றுதான் கதைத்தார். தன் தாய் வீட்டுப் பேச்சை எங்கள் வீட்டில் ஒருவர் காதிலும் விழாமல் வைத்திருந்தார். அன்று பந்தலில் அவர் வாயிலிருந்து வந்தது அந்தத் தோட்டத்துப் பேச்சு, சனம் வாயடைத்தது அதற்குத்தான். இதெல்லாம் எனக்கு அன்று எங்கே விளங்கியது? சனம் கலைந்த பிறகு, கீழே கிடந்த சீலைகளை மடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போய், "ஏன் அம்மா இண்டைக்கு ஒரு மாதிரிக் கதைச்சனீங்கள்?" என்று கேட்டேன்.