பீர்க்கங்கூட்டின் ஈரம்

எங்கள் குளியலறை ஆணியில் உடம்பு தேய்க்கிற பீர்க்கங்கூடு ஒன்று தொங்குகிறது. காலையில் ஜீப்பை எடுப்பதற்கு முன் அதைத் தொட்டுப் பார்ப்பேன். சாமி படத்தைத் தொட்டுவிட்டு வண்டி எடுக்கிற டிரைவர்கள் உண்டு. நான் பீர்க்கங்கூட்டைத் தொடுகிறவன். தொடும்போதெல்லாம் நர்ஸ் சிஸ்டர் ஞாபகம் வரும்.

வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போவது என் வேலை. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்துவிட்டேன். வண்டியில் முதலில் தொப்பை ஏறும், பிறகுதான் நான். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகளும் என்னைப் போலவே சதை போட்டவள். அவள் கழுத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பட்டை படிந்திருந்தது. அழுக்கென்று நினைத்து என் வீட்டுக்காரி தினமும் பீர்க்கங்கூட்டால் தேய்ப்பாள். தோல் சிவந்து எரியும், கறுப்பு மட்டும் போகாது. “குளிக்கிறியா, தண்ணியக் காட்டிட்டு வாரியா?” என்று வசவு வேறு.

பிள்ளைகளுக்கு எடை கூடாமல் பார்க்க அரசாங்கம் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டபோதுதான் சிஸ்டர் வந்தார். எடை பார்த்தார், உயரம் அளந்தார், மகளின் கழுத்தைக் கண்டதும் என்னை வரச் சொன்னார்.

“இது அழுக்கு இல்லண்ணே. எடை கூடிப்போனா உள்ள இருந்து வர்ற கறுப்பு. சக்கர வரப் பாக்குது. தேய்க்காதீங்க, பிள்ள பாவம்.”

“பன்னெண்டு வயசுலயா? எனக்கே இன்னும் வரலியே சிஸ்டர்” என்று சிரித்தேன்.

அவர் சிரிக்காமல் என் காலரை விலக்கிப் பார்த்தார். “ஒங்களுக்கும் இருக்கே.”

ரத்தம் கொடுத்தோம். எனக்குள் சர்க்கரை ஏற்கெனவே குடியேறியிருந்தது. மகளுக்கு? “வாசல்ல நிக்குதுண்ணே. உள்ள விட்றாதீங்க” என்றார் சிஸ்டர். கலர் பாட்டில் வேண்டாம், பாக்கெட் தீனி வேண்டாம், தினமும் ஓடி விளையாட வேண்டும்.

எங்கே ஓடுவது? தோட்டத்துக்குள் மருந்தடித்த நெடி. ஆனை வருமென்று பயந்து, நாங்கள் வேலை முடிந்து வரும்வரை பிள்ளையை வீட்டுக்குள் இருக்கப் பழக்கியதே நாங்கள்தான். பள்ளிக்கூடத்துப் பக்கம் கலர் பாட்டில் விற்கக் கூடாதென்று பஞ்சாயத்து போர்டு வைத்தது. கடைக்காரன் ரோட்டு வளைவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். பிள்ளைகள் அதுவரைக்கும் ஓடின. அரசாங்கம் கேட்ட ஓட்டத்தில் நடந்தது அது ஒன்றுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு ரோட்டில் ஓடினேன். டீக்கடையில் ஒருத்தன், “என்ன டிரைவரே, குட்டியோட ஆனை எறங்கிருச்சா?” என்றான். கடையே சிரித்தது. பழக்கதோஷம், நானும் சிரித்துத் தொலைத்தேன். மகள் சிரிக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்குள் போனவள் பள்ளிக்கூடம் தவிர வேறெதற்கும் வாசல் தாண்டவில்லை.

விஷயம் தெரிந்து சிஸ்டர் வீட்டுக்கே வந்தார். அவளிடம் தனியாக ஏதோ பேசினார். பிறகு என்னிடம், “சிரிக்கிறவங்க சிரிக்கத்தான் செய்வாங்கண்ணே. நீங்க முன்னால ஓடுங்க. சிரிப்ப மொத்தமா நீங்க வாங்கிக்கங்க. ஒங்களுக்குத்தான் அது பழக்கமாச்சே” என்றார். சொல்லிவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவரும் என்னோடு ஓடினார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், மகள் பின்னால் வந்துகொண்டிருந்தாள். அப்புறம் சனிக்கிழமை தோறும் மூன்று பேரும் ஓடினோம்.

பிறகு சிஸ்டரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அந்த இடத்துக்கு வேறு ஆள் போடவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டால், வருவார்கள் என்கிறார்கள். மகள் மறுபடியும் உள்ளே போய்விட்டாள். எடையும் ஏறுகிறது.

வீட்டுக்காரி தேய்ப்பதை நிறுத்தி வெகுநாளாயிற்று. நானோ அவளோ பீர்க்கங்கூட்டைக் குளிக்க எடுப்பதில்லை. ஆனாலும் சில நாள் அது நனைந்திருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு மகளே தேய்க்கிறாள். ஒருமுறை தூக்கி எறிந்தேன். வேலியில் காய்ந்து தொங்கிய இன்னொன்றைப் பறித்து அதே ஆணியில் மாட்டியிருந்தாள்.

இன்று காலையும் தொட்டேன். ஈரம். நாரில் ஓரிடத்தில் லேசாகச் சிவப்பு.

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டில் ஓடினேன். டீக்கடை சிரித்தது. தொப்பையைக் குலுக்கி இன்னும் கொஞ்சம் சிரிக்க வைத்தேன், மகளுக்கென்று மிச்சம் வைக்கக் கூடாதே. திரும்பிப் பார்த்தேன். வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. மூச்சு வாங்கியது. வாசல்வரை வந்து, மறுபடியும் முதலிலிருந்து ஓடினேன்.