தாம்பூலப் பையில் கடவுச்சொல்

"யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தாரணி இன்டர்நெட் வயரைப் பிடுங்கினாள். டிவிக்குப் பக்கத்தில் இருந்த கறுப்புப் பெட்டியின் நீல விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது. வீட்டுப் படங்கள் எல்லாம் அந்தப் பெட்டியில்தான். எந்த ஊரிலிருந்தும் போனில் திறந்து பார்க்கலாம்.

"இன்னா அங்கிள் இது? நேத்து ஒரே நாள்ல மூவாயிரம் தபா எவனோ உள்ள வரப் பாத்துக்கினு கீறான். பாஸ்வேர்டு யாராருக்குத் தெரியும்?"

சண்முகவேல் சீலிங் ஃபேனைப் பார்த்தார். மகன் ஹரியின் கல்யாணப் படங்களைச் சொந்தக்காரர்கள் வீட்டிலிருந்தே பார்க்கட்டும் என்று, பெட்டியின் இணைய முகவரியையும் கடவுச்சொல்லையும் அட்டையில் அச்சடித்துத் தாம்பூலப் பையில் தேங்காயோடு போட்டுக் கொடுத்திருந்தார். அறுநூறு பை.

"ஒருத்தருக்குக் கொடுத்து ஒருத்தருக்குக் கொடுக்கலன்னா சங்கடப்படுவாங்கல்லா?"

"வூட்டுச் சாவிய வெத்தல பாக்கோட குட்த்துக்கீறீங்க."

தாரணிக்குப் பட்டினப்பாக்கத்தில் வீடு, தேனாம்பேட்டையில் கேமரா மாட்டும் கடையில் வேலை. பெட்டியைப் பார்க்கச் சண்முகவேல்தான் கூப்பிட்டிருந்தார். அவள் லேப்டாப்பை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "உள்ள வந்தான்னா எல்லாத்தையும் அழிச்சுடுவான். கல்யாணம் முடிஞ்சு வருசமாச்சுல்ல? வெளிலேந்து தொறக்கவே முடியாம மூடிடறேன்."

"மூடக் கூடாது" என்றார். சற்று உரக்கவே சொல்லிவிட்டார்.

அடுக்களையில் அவர் மனைவி ஜெயபாரதி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் தொண்டையில் ஆபரேஷன். உயிர் தங்கியது, குரல் போயிற்று. அதற்கு முன் பல வருஷம் அவருடைய கடைக்கு அவள் அனுப்பிய குரல் செய்திகளையெல்லாம் ஹரி அந்தப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தான். தி.நகர் கடையில், சாப்பாட்டு வேளையில், சேலைக் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்து தினம் ஒன்று கேட்பார். அவளுக்குத் தெரியாது. தெரிந்தால், இப்போதிருக்கும் நான் போதவில்லையா என்று நினைத்துவிடுவாளோ என்று பயம்.

"ஃபைல்லாம் சரியா கீதான்னு பாத்துடலாம்" என்று தாரணி எதையோ தட்டினாள். அவர் கையை நீட்டுவதற்குள் லேப்டாப் பேசியது.

"ஏங்க, கண்ணாடிய வச்சுட்டுப் போயிட்டிய. சேலையில ஓட்டை இருந்தா எப்படிப் பாப்பிய? மூக்கால மோந்தா?"

அடுக்களையில் கீரை உருவும் சத்தம் நின்றது. ஜெயபாரதி வந்து நின்றாள். தாரணி இருவரையும் பார்த்துவிட்டு லேப்டாப்பை மெல்லச் சாத்தினாள்.

ஜெயபாரதி போனில் தட்டி அவர் முகத்துக்கு நேரே காட்டினாள். 'எத்தனை இருக்கு?'

"நானூத்திப் பன்னெண்டு."

'எல்லாம் திட்டா?'

"முக்காவாசி. கடையில வச்சுக் கேப்பேன்."

அவள் சிரித்தாள். காற்று மட்டும் வந்தது. கையிலிருந்த கீரைக்காம்பால் அவர் தோளில் ஒன்று போட்டாள்.

தாரணி பழைய வழியை அடைத்தாள். விபிஎன் என்ற தனி வழி ஒன்றை அவர் போனுக்கு மட்டும் போட்டாள். பழைய கடவுச்சொல் மனைவியின் பெயரும் பிறந்த வருஷமும்தான், அதையும் மாற்றினாள். "இன்னொரு பூட்டு கீது. ஒவ்வொரு தபாவும் ஆறு நம்பர் கேக்கும். அந்த நம்பர் எந்த போன்ல வரணும்?"

அவர் சட்டைப்பையில் கைவிடுவதற்குள் ஜெயபாரதி தன் போனை நீட்டிவிட்டாள்.

"அப்போ ஆன்ட்டி கைலதான் குடுமி. தெனம் கேட்டு வாங்கணும், பரவால்லியா?"

"கேக்குதேன்" என்றார்.

மறுநாள் ஒன்றரை மணிக்குக் கடையில் பெட்டியைத் திறந்தார். எண் கேட்டது. மனைவிக்குச் செய்தி அனுப்பினார். ஆறு எண்கள் வந்தன. அவர் தட்டி முடிப்பதற்குள் அரை நிமிஷம் ஓடி, எண் செல்லாமல் போயிற்று. மறுபடி கேட்டார். மறுபடி அனுப்பினாள். மூன்றாவது முறை திறந்தது. ஒரு செய்தியைக் கேட்டார். சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்தார். வடபழனியிலிருந்து ஒரு குடும்பம் நிச்சயதார்த்தச் சேலை பார்க்க வந்திருந்தது. எடுத்துப் போட்டார்.