பன்னிரண்டாவது மெத்தை

எங்கள் ஆஸ்பத்திரியில் மொத்தம் பன்னிரண்டு கட்டில்கள். ஆண்களுக்கு ஆறு, பெண்களுக்கு ஆறு, நடுவில் ஒரு தட்டி. ஒரு நோயாளி குணமாகி வீட்டுக்குப் போனதும் அந்த மெத்தையை வெயிலில் காயப்போட்டு, தலைமாட்டில் சுருட்டி, சணல் கயிற்றால் கட்டி வைப்பேன். சம்பளத்துக்குச் செய்த வேலை இல்லை. கம்பவுண்டர் வீட்டம்மா என்ற முறையில் நானாக எடுத்துக்கொண்டது. நான் கட்டிய மெத்தையில் ஒரு மூலை பிதுங்கி நின்றது என்று எவரும் சொல்லிவிட முடியாது.

மிஷனெரி என்றதும் தொப்பி வைத்த வெள்ளைக்காரரைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். நாங்கள் பனங்காட்டிலிருந்து போன மிஷனெரிகள். கொற்கைக்குக் கிழக்கே செம்மண் ஊர் என்னுடையது. என் வீட்டுக்காரருக்குக் கம்பவுண்டர் வேலையும் நர்ஸ் வேலையும் தெரியும். மிஷனில் ஜெபம் பண்ணி, எங்களைக் களக்காட்டுக்கு மேற்கே மலையடிவாரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பஸ் நிற்கிற இடத்திலிருந்து வாழைத்தோட்டம் வழியாக மூன்று மைல் நடக்க வேண்டும். டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் ஜீப்பில் வருவார். மற்ற ஐந்து நாளும் மேலே ஏலக்காய் எஸ்டேட்டில் இருப்பவர்களுக்கும் கீழே வயலில் இருப்பவர்களுக்கும் என் வீட்டுக்காரர்தான் டாக்டர்.

நான் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஆனால் மருந்துப் புட்டியில் ஒட்டியிருக்கிற தாளைப் பார்க்காமலே, நிறத்தை வைத்து இது இருமலுக்கு, இது வயிற்றுக்கு என்று எடுத்துக் கொடுப்பேன். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

மழைக்காலம் முடிந்து ஓடையின் இரைச்சல் குறைகிறபோது எங்களுக்குக் கிறிஸ்துமஸ் பண்டிகை தொடங்கிவிடும். மூங்கில் குச்சியை வளைத்து நட்சத்திரம் கட்டுவோம். பஞ்சு சுற்றி வருகிற ஊதாத் தாள்தான் அதற்கு மேல்தாள். நான் முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு வறுக்க ஆரம்பித்தால் வார்டில் இருப்பவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். "யம்மா, வாசத்த மட்டும் அனுப்புதியளே, பொருள எப்ப அனுப்புவிய?" என்று தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வரும். மார்கழி மாதம் அல்லவா, நோயாளிக்குத் துணைக்கு வந்த பெண்கள் விடிந்ததும் ஆஸ்பத்திரி வாசலில் கோலம் போட்டு, நடுவில் பூசணிப்பூ வைப்பார்கள். மிஷனிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் அதைப் பார்த்து முகம் சுளித்தார். "வாசல் அவங்க பெருக்கினது ஐயா, கோலமும் அவங்க போடட்டும்" என்றார் என் வீட்டுக்காரர். அதோடு சரி.

மிஷனில் எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. பண்டிகை வாரத்தில் டாக்டர் வரமாட்டார். வார்டில் ஒருவரும் இல்லையென்றால், வாட்ச்மேனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு நாங்கள் ஊருக்குப் போகலாம். ஒரே ஒரு கட்டிலில் ஆள் இருந்தாலும் கம்பவுண்டர் அங்கேயே இருக்க வேண்டும். அவர் இருந்தால் நாங்களும் இருப்போம். இப்படியே மூன்று பண்டிகை போய்விட்டது. மூன்று வருஷமும் எங்கம்மை தனியாக இலை போட்டுச் சாப்பிட்டாள்.

நாலாவது வருஷம் எப்படியும் போய்விடுவது என்று இருந்தேன். கார்த்திகை முடியும்போதே கட்டில்கள் காலியாக ஆரம்பித்தன. என் இரண்டு பெண்பிள்ளைகளும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டு வார்டுக்கு ஓடுவார்கள்.

"அம்மா, ஒம்போது சுருட்டியாச்சு!"

"பத்து சுருட்டியாச்சு!"

பதினொன்று சுருட்டியதோடு நின்றுபோனது. பெண்கள் பக்கம் கடைசிக் கட்டிலில் ஒரு எஸ்டேட்காரி இருந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். புருஷனும் பிள்ளையும் இல்லாதவள். களை வெட்டும்போது கத்தி வலது பாதத்தில் இறங்கி, அட்டைக்கடியும் சேர்ந்து, பச்சிலை வைத்துப் பத்து நாள் கழித்து வந்து சேர்ந்திருந்தாள். சுண்டுவிரல் பக்கம் முழுவதும் சீழ். என் வீட்டுக்காரர் அவளிடம் கண்டித்துச் சொல்லியிருந்தார். "தினம் ரெண்டு நேரம் கட்டு மாத்தணும். தண்ணி படவே கூடாது. பட்டுதுன்னா டவுனுல கொண்டுபோய்க் காலையே எடுக்க வேண்டியிருக்கும்." அவள் கக்கூசுக்குப் போய்வர, பழைய டயர் செருப்பு ஒன்றை எடுத்துப் பக்கவாட்டில் அறுத்து அகலமாக்கி, கட்டோடு நுழைகிற மாதிரி அவரே செய்துகொடுத்திருந்தார்.

என் இளையவள் தினமும் போய் அவளிடம் விசாரிப்பாள்.

"பெரியம்மா, காலு இன்னைக்கு எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கு தாயி."

"அப்ப நாளைக்கு வீட்டுக்குப் போயிருவியளா?"

"ஏட்டி, எங்க வீட்ல எனக்குப் பந்தல் போட்டா வச்சிருக்காவ? ஏன் இந்த விரட்டு விரட்டுத?" என்று சிரிப்பாள்.

குழந்தை ஏன் கேட்கிறது என்று அவளுக்குத் தெரியாது. தெரிய வைத்தது நான்தான்.

ஊருக்குப் போக நினைத்திருந்த நாளுக்கு முந்தின சாயங்காலம், தாழ்வாரத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்கும் பெண்கள் வார்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அதில் ஒரு சன்னலும் உண்டு. எனக்கு எப்போதும் தொண்டை கொஞ்சம் பெரிசு.

"அந்த ஒத்த மெத்தய மட்டும் சுருட்டியிருந்தா, நாளைக்கு இந்நேரம் எங்கம்மை மடியில கெடப்பேன்" என்றேன்.

"அவளுக்குக் காலு இல்லாமப் போச்சுன்னா?" என்றார் அவர்.

"நான் என்ன, அவ காலையா கேட்டேன்? ஒரு பண்டிகையத்தான கேட்டேன்."

அவர் கட்டு மாற்ற வார்டுக்குப் போய்விட்டார். நானும் கோபத்தில், மடித்த துணியைத் திரும்ப அலமாரியில் வைக்காமல் பெட்டியிலேயே போட்டு மூடினேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, எப்போதும் போல அவளுக்குக் காபி கொண்டுபோனேன். பன்னிரண்டாவது மெத்தை சுருட்டியிருந்தது. கயிற்றை எப்படியோ முடிச்சுப் போட்டிருந்தாள். ஒரு மூலை பிதுங்கி நின்றது. போர்வையை நாலாக மடித்து அதன் மேல் வைத்திருந்தாள். ஆள் இல்லை.

மறைக்காமல் எழுதுகிறேன். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஐயோ என்று வரவில்லை. பிதுங்கிய மூலையை உள்ளே தள்ளி, கயிற்றை அவிழ்த்து நன்றாகக் கட்டினேன். அந்தக் காபியை நானே குடித்தேன். பிள்ளைகளை எழுப்பி முகம் கழுவச் சொன்னேன். ஊருக்கு என்று எடுத்து வைத்திருந்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் மருந்து அறையில் ஊசிகளைக் கொதிக்கப் போட்டிருந்தார். ஊசி வேக இருபது நிமிஷம் ஆகும். அந்த இருபது நிமிஷமும் நான் அவரிடம் சொல்லவில்லை. முதல் பஸ் ஏழேகாலுக்கு. களக்காடு, அப்புறம் திருநெல்வேலி ஜங்ஷன், அப்புறம் ஏரல் பஸ் என்று என் மனசு போய்க்கொண்டே இருந்தது.

இளையவள் கையில் அந்த டயர் செருப்போடு வந்தாள்.

"அம்மா, பெரியம்மா செருப்ப வச்சிட்டுப் போயிட்டாவ. காலு நனைஞ்சிராதா?"

போர்வையைப் போல அதுவும் ஆஸ்பத்திரிச் சாமான் என்று நினைத்து, போகிறபோது கட்டிலுக்கு அடியில் துடைத்து வைத்திருக்கிறாள். மலைக்குப் போகிற பாதையில் ஓடையைக் காலால்தான் கடக்க வேண்டும். மார்கழியில் அதில் முழங்காலளவு தண்ணீர் ஓடும்.

மருந்து அறைக்குப் போய், "அவ போயிட்டா" என்றேன்.

"எப்ப?"

"இப்பத்தான் பாத்தேன்."

அவர் என் சேலையைப் பார்த்தாரோ என்னவோ, பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. சட்டையை மாட்டக் கை நீட்டினார். "நீங்க மருந்தெடுத்து வைங்க. நான் போய்க் கூட்டிட்டு வாரேன்" என்று சொல்லிச் செருப்பை வாங்கிக்கொண்டு நடந்தேன். அது என்னால் வந்தது, நான்தான் போக வேண்டும்.

ஓடைக்கு அந்தப் பக்கம் பாறையில் உட்கார்ந்திருந்தாள். கட்டு சேறும் தண்ணீருமாக ஊறித் தொங்கியது. என்னைக் கண்டதும் வலியை விழுங்கிக்கொண்டு சிரித்தாள்.

"ஏம்மா, பஸ்ஸு போயிருமே. இங்கன என்ன செய்யுத?"

"ஒன்னய இழுத்துட்டுப் போகத்தான் வந்தேன். எந்திரி."

"எனக்குச் சரியாப் போச்சு. நீ ஒங்கம்மையப் போய்ப் பாரு."

"சரியாப் போன காலா இது? நாத்தம் இங்க வரைக்கும் வருது."

"ஒனக்கு மூக்கு நீளம்" என்றாள். அப்புறம் பைய, "ஒரு பண்டிகையத்தான கேட்ட. எங்கிட்டயும் குடுக்க ஒண்ணு இருக்கேன்னு நெனச்சேன்" என்றாள்.

வாழ்நாளில் யார் முன்னாலும் தலை குனிந்தவள் இல்லை நான். அன்றைக்கு அந்தத் தண்ணீரில் உட்கார்ந்து அவள் காலுக்குச் செருப்பை மாட்டினேன்.

"நான் போனத எப்ப பாத்த?" என்று கேட்டாள்.

"இப்பத்தான்."

அவள் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். மடிப்புக் கலையாத நீலச் சேலை. தலையில் பூ வேறு.

"சேல நல்லாருக்கு" என்றாள். "ஊருக்குக் கட்டுனதா?"

நான் செருப்பின் வாரை இன்னொரு தடவை இழுத்துச் சரிசெய்தேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. என் தோளில் கையைப் போட்டு எழுந்தாள். அவள் பாரம் முழுவதையும் என் மேல் போட்டபோதுதான் எவ்வளவு வலியோடு சிரித்தாள் என்று தெரிந்தது.

ஓடையைக் கடந்ததும் வாழைத்தார் ஏற்றிய வண்டி ஒன்று வந்தது. அவளை ஏற்றச் சொன்னேன்.

"யம்மா, தாரு நசுங்கிட்டா எவன் வாங்குவான்?" என்றார் வண்டிக்காரர்.

"நான் என்ன அண்ணாச்சி, உம்ம தார விடக் கனமா? பைய ஓட்டும்வே" என்றாள் அவள். காய்ச்சலில் பல் கிட்டிக்கொண்டு வந்தது. அப்போதும் வாய் குறையவில்லை.

என் வீட்டுக்காரர் கட்டைப் பிரித்துச் சேற்றைத் துடைத்தார். அன்றிலிருந்து மூன்று வேளையும் மருந்தால் கழுவிக் கட்டினார். பன்னிரண்டாவது மெத்தையை நான் மறுபடி விரித்தேன். பெட்டியைத் திறந்து துணியை எடுத்தேன். அம்மைக்கு என்று வைத்திருந்த முந்திரிக்கொத்து டப்பாவையும் உடைத்தேன்.

பண்டிகை அன்று காலையில் வார்டிலேயே ஆராதனை. என் வீட்டுக்காரர் வேதம் வாசித்தார். பிள்ளைகள் புதுக் கவுனோடு பாடினார்கள். கேட்க இருந்தது அவள் ஒருத்திதான். வாசலில் கோலம் போட ஆள் இல்லையென்று என் மூத்த மகள் தானே போட்டாள். எஸ்டேட்காரியோ சன்னலோரம் சாய்ந்துகொண்டு, "புள்ளி தப்புதுட்டி! ஒங்க நட்சத்திரத்துக்கு அஞ்சு மூலையா ஆறு மூலையா, மொதல்ல அதச் சொல்லு" என்று சத்தம் போட்டாள். எத்தனையோ பண்டிகை பார்த்துவிட்டேன். பெரிய கோவிலில் நூறு விளக்குக்கு நடுவிலும் நின்றிருக்கிறேன். கண்ணை மூடினால் வருவது அந்த வார்டும், பஞ்சுத் தாள் நட்சத்திரமும், டெட்டால் வாசனையோடு கலந்த ஏலக்காய் மணமும்தான்.

பண்டிகை கழிந்து நாலாவது நாள் அவளுடைய சுண்டுவிரல் கறுத்தது. என் வீட்டுக்காரர் ஆள் அனுப்ப, டாக்டர் வந்து அதை எடுத்தார். கால் தப்பியது. ஓடையில் நனைந்ததால் அந்த விரல் போனதா, முன்பே போயிருந்ததா என்று நான் என் வீட்டுக்காரரிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

புதுவருஷத்துக்கு மறுநாள் எங்கம்மை வந்து நின்றாள். ஆற்றைத் தாண்டிப் பழக்கமில்லாதவள், மூன்று பஸ் மாறி, மூன்று மைல் நடந்து, தலையில் கருப்பட்டி நிறைந்த ஓலைக் கொட்டானோடு வந்துவிட்டாள்.

"நீ வரலன்னா என்ன? எனக்குக் காலு இருக்குல்லா!" என்று வாசலிலேயே தொடங்கினாள்.

"எனக்கும் இருக்கு ஆத்தா. விரலுதான் ஒண்ணு கொறவு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அம்மை அவளைத் தேடிப் போய் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் வெற்றிலையை மடித்துக்கொண்டு என்னைப் பற்றியே பேசிச் சிரித்தார்கள். நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

அதற்கப்புறம் வருஷா வருஷம் மார்கழியில் அவள் மடியில் ஏலக்காய் முடிந்துகொண்டு மலையிலிருந்து இறங்கி வருவாள். அந்த இருபது நிமிஷத்தைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. என் சேலையைப் பார்த்த அன்றைக்கே அவளுக்குத் தெரியும். தெரிந்தும் என் தோளில் கை போட்டாள்.

இப்போது ஆஸ்பத்திரி இல்லை. கட்டடத்தில் வாழைத்தார் அடுக்கியிருக்கிறார்களாம். என் வீட்டுக்காரரும் போய்விட்டார். நான் பாளையங்கோட்டையில் இளையவளோடு இருக்கிறேன்.

அந்த வருஷத்துக்குப் பிறகு, நாங்கள் அங்கே இருந்தவரை, பண்டிகை வாரத்தில் நான் ஒரு மெத்தையையும் சுருட்டவில்லை. ஆள் போனாலும் காயப்போட்டுத் திரும்ப விரித்து, துவைத்த துப்பட்டியும் போட்டு வைப்பேன். பிள்ளைகள் எண்ணுவதையும் நிறுத்திவிட்டேன். அப்படிச் செய்த முதல் வருஷம் என் வீட்டுக்காரர் கேட்டார்.

"யாரும் இல்லாத கட்டிலுக்கு எதுக்கு விரிப்பு?"

"சும்மா, காத்துப் படட்டும்" என்றேன்.

அவர் தட்டிக்கு அந்தப் பக்கம் போய், ஆண்கள் பக்கத்துக் கட்டில்களில் மெத்தையை விரிக்க ஆரம்பித்தார்.