கட்டுகஸ்தோட்டையில் சேர்ந்த மூன்று படைகள்

பிரஷ்யா எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அப்படி ஒரு நாடு இப்போது இல்லை என்பதே, அதன் சேனாதிபதி ஒருவரின் வாழ்க்கையை முப்பத்தெட்டுப் பக்கம் சிங்களத்தில் எழுதி முடித்த பிறகுதான் தெரிந்தது.

நான் கண்டியில் நீதிமன்றத்துக்கு மொழிபெயர்க்கும் வேலையில் இருந்தேன். தமிழில் எழுதிய எது பொலிஸாரின் கையில் அகப்பட்டாலும் கடைசியில் என் மேசைக்கு வரும். காதல் கடிதம், மருந்துச் சிட்டை, கல்யாணப் பத்திரிகை, ஒருமுறை ஊறுகாய் போடும் முறை. போர்க்காலத்தில் தமிழ் எழுத்து என்றாலே சந்தேகம். எனக்கு அதனால் கைநிறைய வேலை. சிங்களம் எனக்குக் கலகெதரையில் அப்பாவின் கடையில் வளர்ந்ததால் வந்தது. கலவரத்தில் அந்தக் கடையை எரித்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதும் எனக்கு முழுதாக விளங்கியது. மொழி தெரிந்திருப்பது எப்போதும் நல்லது என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

கொழும்பில் குண்டு வெடித்தால் கண்டியில் பொலிஸார் தமிழர்களின் வாடகை அறைகளைத் தட்டுவார்கள். அப்படி ஒரு தேடுதலில் கட்டுகஸ்தோட்டையில் அறை எடுத்திருந்த யாழ்ப்பாணத்து இளைஞர் ஒருவரைக் கொண்டுபோனார்கள். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூசனில் வரலாறு படிப்பிக்கிறவர். இருபத்தைந்து பிள்ளைகள் படித்தார்கள். என் மகளும் அதில் ஒருத்தி. அதை நான் அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

அவருடைய அறையில் எடுத்த தாள்கள் எனக்கு வந்தன. எல்லாம் பாடக்குறிப்பு, அந்தப் பிரஷ்யச் சேனாதிபதியைப் பற்றி. நொடித்துப்போன ஒரு குடும்பத்தில் பிறந்த பையன், சின்ன வயதிலேயே படைப்பள்ளியில் விடப்படுகிறான். அதிகாரியான பிறகும் குதிரை வாங்க வழியில்லை. அதற்காக உட்கார்ந்து ஆங்கிலப் புத்தகம் ஒன்றை மொழிபெயர்க்கிறான். இந்த இடத்தில் எனக்கு அவன்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. பிறகு துருக்கிச் சுல்தானின் படைக்கு ஆலோசனை சொல்லப் போகிறான். அங்கே இருந்த தளபதி அவன் பேச்சைக் கேட்காமல் தோற்கிறார். பிரஷ்யாவுக்குத் திரும்பியவர் வருடக்கணக்காக வரைபடங்களோடும் ரயில் நேர அட்டவணைகளோடும் ஓர் அலுவலகத்தில் கிடக்கிறார். அறுபத்தைந்து வயதில்தான் முதல் பெரிய போரை நடத்துகிறார். ஏழு மொழி தெரிந்தவர், ஏழிலும் வாய் திறக்காதவர் என்று அவரைக் கேலி செய்வார்களாம்.

பதினேழாம் பக்கத்தில் வந்தது வினை. படைகளை ஒரே பாதையில் அனுப்பாதே, தனித்தனியாக அனுப்பிப் போர்க்களத்தில் சேர் என்பது அந்தச் சேனாதிபதியின் முறை. பன்விலத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து பஸ் ஏறி வருகிற பிள்ளைக்கு ஐரோப்பாவின் ஆறும் மலையும் எப்படி விளங்கும்? ஆகவே வாத்தியார் போரைத் தூக்கிக் கண்டிக்குக் கொண்டுவந்திருந்தார். ஒரு படை குருநாகல் வீதியில் கலகெதரை வழியாக வருகிறது. இரண்டாவது படை மாத்தளையிலிருந்து ரயிலில். மூன்றாவது படை பன்விலவில் இறங்கி மடவளை வழியாக, பிந்தித்தான் வருகிறது. மூன்றும் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் சேருகின்றன. பக்கத்தில் படம் இருந்தது. மகாவலி, பாலம், அம்புக்குறிகள், எந்தப் படை எத்தனை மணிக்கு என்ற கணக்கு. அதை எழுதும்போது வாத்தியாருக்கு ஒரு நிமிடமாவது பயம் வரவில்லையா என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

எங்கள் தொழிலில் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. நான் அம்புக்குறிகளைக்கூட விடாமல் மொழிபெயர்த்தேன். கடைசித் தாளின் அடியில் ‘குறிப்பு’ என்று ஓர் இடம் உண்டு. ‘இது பாடசாலைப் பாடம்போல் தெரிகிறது’ என்று அதில் ஒரு வரி எழுதியிருக்கலாம். சட்டப்படி அதில் தவறு கிடையாது. ஆனால் அடுத்த கேள்வி ‘உனக்கு எப்படித் தெரியும்?’ என்று வரும். அந்தக் குறிப்பு இடத்தை வெறுமையாக விட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

அன்று வீட்டுக்கு வந்து மகளின் வரலாற்றுக் கொப்பியைக் கேட்டேன். அதே படம். ஆற்றுக்கு நீலம் தீட்டி, பாலத்துக்கு மண்ணிறம் அடித்து, அழகாக வைத்திருந்தாள். மறுநாள் காலை வெந்நீர் அடுப்பில் அந்தக் கொப்பியை வைத்தேன். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். புடவைக்கடை வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரைப் பஸ் நிறுத்தத்தில் கண்டேன். அவருடைய மகனும் அதே வகுப்பு.

“டியூசன் சேருட்ட படிச்ச கொப்பி எதுவும் வீட்டுல இருந்தா வச்சிக்காதீங்க” என்றேன். “நான் சொன்னதா யாருட்டயும் சொல்ல வேணாம்.”

“சரிங்க, சரிங்க” என்றார் அவர். பஸ்ஸுக்கு நிற்காமல் வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தார்.

நல்லது செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன். இரண்டு நாளில் விஷயம் பன்விலத் தோட்டம்வரை போய்விட்டது.

ஒரு மாதம் கழித்து வாத்தியாருக்காக நின்ற சட்டத்தரணி என் மேசைக்கு வந்தார். வயதான சிங்களவர். தன் செலவிலேயே வழக்கை எடுத்திருந்தார் என்று கேள்வி. என் மொழிபெயர்ப்பை மேசையில் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு பிள்ளையின் கொப்பி போதும் என்றார். இதே பாடம், இதே படம், ஒரு பிள்ளையின் கையெழுத்தில் இருந்தால் வாத்தியாரை வெளியே கொண்டுவந்துவிடலாம். வீடுவீடாக ஏறி இறங்கியிருந்தார். சில வீடுகளில் கொப்பி தொலைந்துவிட்டது என்றார்களாம். சில வீடுகளில் எங்கள் பிள்ளை அந்த வகுப்புக்கே போகவில்லை என்றார்களாம். உங்களுக்குத் தெரிந்த பிள்ளைகள் யாரும் உண்டா என்று என்னிடம் கேட்டார். விசாரித்துப் பார்க்கிறேன் என்றேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

ஒரே ஒரு கொப்பி. இருபத்தைந்து கொப்பிகளையும் எரிக்க வைத்தவன் நான். அதை நினைத்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். இறங்கியது. நன்றாகவே சாப்பிட்டேன். வெட்கம் அதற்குப் பிறகுதான், மெதுவாக வந்தது.

பதினொரு மாதம் வைத்திருந்துவிட்டு, சாட்சி போதாது என்று வாத்தியாரை விட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். மெலிந்திருந்தார், காதோரம் நரைத்திருந்தது. விடுதலைக் கட்டளை சிங்களத்தில் இருக்கிறதாம். அம்மாவுக்கு வாசித்துக் காட்டத் தமிழில் வேண்டுமாம். என் பெயரை மொழிபெயர்ப்பின் அடியில் பார்த்து விசாரித்து வந்திருந்தார். நான் யாருடைய தகப்பன் என்று அவருக்குத் தெரியவில்லை. மகள் குசினியில் சமைத்துக்கொண்டிருந்தாள். அங்கேயே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அவரைக் கதிரையில் இருத்தி, கட்டளையை எழுதிக் கொடுத்தேன். அவர் இரண்டு தரம் வாசித்தார்.

“நீங்கள் செய்த மொழிபெயர்ப்பையும் லோயர் வாசிச்சுச் சொன்னவர் ஐயா. ஒரு பிழையும் இல்லை.”

குத்திக்காட்டுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, மனதாரத்தான் சொன்னார்.

“ஒண்டுதான் எனக்குக் கவலை” என்றார். “ஒரு பிள்ளையிட்டையும் கொப்பி இல்லையாம். நான் ஒவ்வொரு வரியாச் சொல்லி எழுதப் பண்ணினனான். ஒருத்தரும் எழுதேல்லைப் போல. நான் படிப்பிச்சது அவ்வளவுதானோ எண்டு உள்ளுக்கை இருந்து யோசிச்சனான்.”

உண்மையைச் சொல்ல எனக்குத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் இருந்தன.

“இந்தக் காலத்துப் பிள்ளைங்க எங்க சேர் எழுதுதுங்க” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அப்போது மகள் தேத்தண்ணியுடன் வந்தாள். அவரைப் பார்த்ததும் தட்டை மேசையில் வைத்தாள்.

“நான் எழுதினேன் சேர். எல்லாரும் எழுதினோம். அப்பா சொல்லித்தான் எல்லாரும் எரிச்சாங்க.”

அவர் என் பக்கம் திரும்புவார் என்று காத்திருந்தேன். திரும்பவில்லை. அவளைத்தான் பார்த்தார்.

“படமும் கீறினனீங்களோ?”

“கீறினேன் சேர். கலர் அடிச்சேன்.”

“எதுவரைக்கும் வந்தனாங்கள்?”

“மூணாவது படை வந்து சேர்ந்த வரைக்கும்.”

“அப்ப மிச்சம் கிடக்குது” என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் எதிர்பார்க்கவில்லை. அதைவிட அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். “அந்தப் போருக்குப் பிறகு பிரான்சோட ஒரு போர் இருக்குது. அதையும் முடிச்சுப்போட்டு, தொண்ணூறு வயசு வரைக்கும் இருந்து, அந்த மனுசன் வீட்டிலைதான் செத்தவர். பஸ்ஸுக்கு நேரம் கிடக்குது, சொல்லட்டோ?”

மகள் உள்ளே போய் ஒரு வெற்றுத்தாளும் பேனையும் எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். பேனையைத் திறந்தவள் எழுதாமல் என்னைப் பார்த்தாள்.

“எழுதவா அப்பா?” என்று கேட்டாள்.

நான் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து, “எழுது” என்றேன்.