பாட்டுக்கு அடியில் கிடந்த சத்தம்

இடது கை ஒரு பிளாஸ்டிக் அடிக்கோலைத் திரைமேல் சாய்த்துப் பிடித்திருந்தது. வலது கை மவுஸை மயிரிழையளவு நகர்த்தி நகர்த்தி நிறுத்தியது. திரையின் ஒரு பாதியில், செல்போனில் எடுத்த வீடியோ. மறு பாதியில் அதே தெரு, செயற்கைக்கோள் படத்தில். வரிசையாகத் தண்ணீர்த் தொட்டிகள். ஒன்றுக்கு மட்டும் மூடி இல்லை. இரண்டு படங்களிலும் அந்தத் தொட்டி ஒரே மாடியில் வந்து பொருந்தியதும் கைகள் ஓய்ந்தன. அவளுக்குப் பழகிய தெருதான். பழகியது என்பதெல்லாம் இங்கே கணக்கில் சேராது.

அந்த அறையில் அவள் பெயர் டேங்க் அக்கா. எந்த வீடியோ வந்தாலும் முதலில் மொட்டைமாடித் தொட்டிகளைத் தேடுவாள். முன்பு ஸ்டுடியோவில் கல்யாணப் படங்களில் முகப்பருவை அழித்துக்கொண்டிருந்தவள். போரில் ஸ்டுடியோ மூடிய பிறகு இந்த வேலைக்கு வந்தாள். எங்கே என்ன விழுந்தது என்று இணையத்தில் வெளியாகும் வீடியோக்களைச் சரிபார்த்து வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும். இடம், நேரம், நடந்தது எல்லாம் உறுதியானால் சிவப்பு. எது குறைந்தாலும் சாம்பல்.

அந்தத் தெருவின் பம்ப் ஹவுஸ் புள்ளி சாம்பலாகவே கிடந்தது. தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்கள் அங்கே செத்தார்கள். பம்ப் ஆபரேட்டரும் செத்தார். அவர் உள்ளே பதுக்கிவைத்த வெடிமருந்துதான் வெடித்தது என்று ராணுவம் அறிவித்தது. செத்தவன் வந்து மறுக்கவா போகிறான் என்ற தைரியம். அவர் மனைவியைக் கண்டால் தெருவே முகத்தைத் திருப்பிக்கொண்டது. பீரங்கி ஷெல் வந்து விழுந்திருந்தால் அது சீறிவரும் சத்தம் பதிவாகியிருக்க வேண்டும். இருந்தது ஒரே வீடியோ. அதில் அசல் சத்தத்தை மூடி ஒரு சோகப் பாட்டு ஓடியது. எடுத்துப் பாட்டுப் போட்டவன் அவளுடைய தம்பி.

செருப்பைக்கூடக் கழற்றாமல் அவன் வீட்டுக்குள் போனாள்.

“ஒரிஜினல் எங்கடா?”

“அழிச்சிட்டேன்க்கா. போன்ல எடம் இல்ல.”

“செத்தவங்க மேல பாட்டுப் போட மட்டும் எடம் இருந்துச்சா?”

“ஊரே பார்த்து அழுதுச்சு. உனக்குத்தான் கல் மனசு.”

“ஊரு பாட்டுக்கு அழுதுச்சு. அந்தாளு பொண்டாட்டிக்குப் பாட்டா வேணும்?”

அடுப்படியிலிருந்து தம்பி மனைவி எட்டிப் பார்த்தாள். “பொய் சொல்றார் அண்ணி. பாத்ரூம்ல குழாயத் திறந்துவிட்டுட்டு அதையேதான் கேக்குறார். வெளிய கேக்காதுன்னு நெனப்பு. குடிக்கவே தண்ணியக் காணோம், இவருக்குப் பின்னணி இசை.”

அவன் போனை மேசைமேல் தள்ளினான்.

பாட்டில்லாத வீடியோவில் முதலில் மாடியிலிருந்து தம்பியின் குரல். “மாமா, சொட்டுச் சொட்டா விடுறீங்களே, உங்க வீட்டுத் தண்ணியா?” கீழே ஆபரேட்டர் நிமிர்ந்து சிரித்தார். “உனக்குக் கடைசியாத்தான் மாப்ள.” பிறகு சீறல். இடி. போன் விழுந்து வானத்தைப் பார்த்தது. கீழிருந்து அதே குரல்: “மாப்ள, கீழ வாடா... மாப்ள.” ஓடும் காலடிகள். கதவு. தாழ்ப்பாள்.

அடுப்பில் ஏதோ தீய்ந்தது.

“சீறுற சத்தம் வரைக்கும் எடுத்துக்கக்கா,” என்றான் தம்பி. “மிச்சத்த வெட்டிடு.”

“வெட்டுனா அங்க என்ன இருந்துச்சுன்னுதான் மொதல்ல கேப்பாங்க. அப்புறம் எதையும் நம்ப மாட்டாங்க.”

“என்னைக் காறித் துப்புவாங்க.”

“அவர் பொண்டாட்டிய இப்பவே துப்பிக்கிட்டுத்தான்டா இருக்காங்க.”

ஸ்டுடியோவில் அவள் எத்தனையோ குறைகளைத் தடம் தெரியாமல் துடைத்தவள். ஒரு தாழ்ப்பாளைத் துடைப்பது அவளுக்குப் பெரிய வேலையில்லை. அது தெரிந்திருந்ததுதான் அவள் கோபத்தை மேலும் கிளறியது. சுட்டவன், பொய் சொன்னவன், கதவைச் சாத்தியவன். எல்லோரும் சேர்ந்து அவளிடம் அதே பழைய வேலையைக் கேட்பதுபோல் இருந்தது.

உறவுக்காரர் எடுத்த வீடியோவுக்கு உறவுக்காரரே நிறம் வைக்கக் கூடாது என்பது அறையின் விதி. அவள் இடத்தைக் குறித்தாள். நிழலை அளந்து நேரத்தை எழுதினாள். எடுத்தவர் என் தம்பி என்றும் எழுதிவிட்டு எதிர் மேசைக்காரரிடம் போனாள். தன் அம்மாவின் படத்தைக் காட்டினாலும் எப்போது எடுத்தது என்று கேட்பவர். பட்டப்பெயர் சந்தேகம்.

“பாட்டு இல்லாததாம்மா?”

“இல்லாதது சார்.”

“எங்கயும் வெட்டலயே?”

“தாழ்ப்பாள் போடுற சத்தம் வரைக்கும் இருக்கு. ஹெட்போன் மாட்டிக் கேளுங்க,” என்று சொல்லி, பென்டிரைவை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.