ஆஸ்பத்திரிப் பொட்டலம்

எனக்குப் பிறவியிலேயே சந்தேகப் புத்தி. முதல் குழந்தை தாடை இறுகி, பால் குடிக்க வாய் திறக்காமலே போன பிறகு அது இரட்டிப்பானது. அதனால், மறுபடி நான் நிறைமாதமாக இருந்தபோது ஆஸ்பத்திரி நர்ஸ் எங்கள் வலியசாலைத் தெருவுக்கு வந்ததும், ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியில் செய்கிற மாதிரியே வீடுகளிலும் பிரசவம் பார்க்க வேண்டுமாம். எங்கள் மருத்துவச்சியையும் அங்கே கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

துணியில் கட்டிய பொட்டலம் ஒன்றை நர்ஸ் வாசற்படியில் வைத்தாள். உள்ளே கத்தரிக்கோலும் நூலும்.

"வெந்நீர்ல நல்லா திளப்பிச்சதாக்கும், கொதிக்க வெச்சது. தொப்புள்கொடி அறுக்கற நேரத்துலதான் அவிழ்க்கணும், கேட்டோ? அழுக்குக் கத்தி பட்டாத்தான் குழந்தைக்குத் தாடை இறுகும்."

காசு வாங்காமல் எதற்கு இத்தனை அக்கறை? ஏதாவது சோதித்துப் பார்க்க நாங்கள்தான் கிடைத்தோமா? அவள் தெரு திரும்பும்வரை முறைத்துக்கொண்டே நின்றேன். ஆனால் தாடை என்று அவள் சொன்னது மட்டும் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

வலி எடுத்த மத்தியானம், அறைக்குள் படுத்தபடி பார்க்கிறேன்: மாமியார் அந்தப் பொட்டலத்தைக் குச்சியால் அவிழ்த்து, பசுஞ்சாணம் கரைத்த ஜலத்தை அதன்மேல் தெளித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா பண்றேள்?"

"கண்டவா தொட்டதுடீ. தெளிக்காம ஆத்துக்குள்ள எடுக்கலாமோ? போன தடவை மருத்துவச்சி கத்திக்கும் இப்படித்தானே பண்ணினேன்!"

நான் இத்தனை நாளும் தப்பான ஆளையல்லவா சந்தேகப்பட்டிருக்கிறேன்!

"மறுபடி கொதிக்க வெக்காம அதைத் தொட்டே, கொன்னுடுவேன்!" என்று கால்மாட்டில் உட்கார்ந்திருந்த மருத்துவச்சியைப் பார்த்துக் கத்தினேன். அவள் எல்லாவற்றையும் கொல்லை அடுப்பில் கொதிக்கவிட்டாள்.

மகள் பிழைத்தாள். தெருவே கேட்க வாயைத் திறந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது.

பக்கத்து வீட்டு மாமி விசாரிக்க வந்தாள். அவள் பெண்ணுக்கும் நாள் நெருங்கியிருந்தது.

"நன்னா தெளிச்சு எடுத்தேன், ஒரு குறையும் வரலை" என்றார் மாமியார்.

"அதனால இல்லை மாமி, கொதிக்க வெச்சதாலதான் பிழைச்சது. அந்த ஜலம் படவே கூடாது!" என்றேன் படுக்கையிலிருந்து.

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நர்ஸை நான் பார்த்த அதே பார்வை. பிறகு மாமியார் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"எங்காத்துக்கும் பொட்டலம் வந்திருக்கு. நீங்க கரைச்சது எந்தப் பசுவோட சாணம்?"